எண்ணுக்கு ஓய்வு உண்டோ?

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கு மேற்கே, தொழிற்சாலை மதிலை ஒட்டிக் கிடந்த புல் முளைக்காத ஒரு பொட்டலில், ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் ஆலைத் தொழிலாளரும், எண்ணூர்ப் பக்கத்து மீனவ இளைஞரும், பள்ளிப் பையன்களும், சுண்டல் விற்பவரும் கூடிநின்று கால்பந்து பார்த்த காலம் ஒன்று உண்டு. 1977ஆம் வருஷத்தை ஒட்டிய அந்தக் காலத்தில் எனக்குப் பத்து வயது. தொழிற்சாலை அணி ஒன்றில் ‘லெப்ட் அவுட்’ ஸ்தானத்தில் ஆடிய ஒருவர்மேல் அப்போது எனக்கிருந்த அபிமானத்தை இன்று நினைத்தால் எனக்கே சற்று வெட்கமாயிருக்கிறது. அவர் பட்டறையில் எந்த யந்திரத்தின் முன் நின்றார், எந்தத் தெருவில் குடியிருந்தார், ஆட்டத்துக்கு முன் எந்தக் கடையில் டீ குடித்தார் என்பதையெல்லாம் அறிந்து வைத்திருந்த எனக்கு, அவருடைய பெயர் மட்டும் வெகுநாள் வரையில் தெரியாது. ஏனெனில், மைதானத்தில் ஒருவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பந்து இடப்பக்கக் கோட்டை நோக்கி உருண்டதும், “தோ பாரு, பதினொண்ணு கெளம்பிடுச்சு!” என்று யாராவது ஒருவர் கத்துவார், பிறகு நூறு குரல்கள் அந்த எண்ணையே கத்தும்.

அவர் அணிந்த சிவப்புப் பனியனின் முதுகில், வெள்ளைத் துணியை வெட்டித் தையற்காரர் தைத்த இரண்டு கோடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் கீழ்முனை தையல் விட்டுப்போய், அவர் ஓடும்போதெல்லாம் சிறு கொடிபோலப் படபடக்கும். அது முழுவதும் பிய்ந்து விழுந்துவிட்டால் அவர் ‘ஒன்று’ ஆகிக் கோல் காக்கப் போய்விடுவாரோ என்று பையன்களாகிய நாங்கள் மெய்யாகவே கவலைப்பட்டதுண்டு.

பிற்காலத்தில், இன்ன ஸ்தாபனம் இன்ன ஆட்டக்காரரைக் கௌரவிக்கும் பொருட்டு அவர் அணிந்த எண்ணுக்கு ஓய்வளித்துவிட்டது, இனி அந்த எண்ணை அங்கே வேறு யாரும் அணியமாட்டார் என்ற செய்திகளைப் பத்திரிகைகளில் வாசிக்கும்போதெல்லாம், தையல் விட்ட அந்தப் பதினொன்றே என் மனக்கண்முன் வந்து நிற்கும். எண்ணை மூடிவைப்பது உயர்ந்த மரியாதையா, அடுத்து வருகிறவன் முதுகில் ஏற்றுவது உயர்ந்த மரியாதையா, இந்த வழக்கம் எங்கே பிறந்தது, நம் நாட்டில் எவ்வாறு வேர் பிடித்தது, ஆலைகளும் துறைமுகமும் சூழ்ந்த வடசென்னைக்கு அது பொருந்துமா என்பவற்றை முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடத்தின் பெயராய் இருந்த எண்

கால்பந்தாட்டம் தோன்றிப் பல்லாண்டுகள் வரையில் ஆட்டக்காரர் முதுகு வெறுமையாகவே இருந்தது. இங்கிலாந்தின் லீக் ஆட்டங்களில், 1928 ஆகஸ்ட் 25ஆம் தேதியன்று, ஷெபீல்டு வெட்னஸ்டேயோடு மோதிய ஆர்சனலும், ஸ்வான்சீ டவுனை எதிர்த்த செல்சியும் எண்ணிட்ட சட்டையோடு களமிறங்கின. 1933இல் எப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தில் எவர்ட்டன் அணியார் 1 முதல் 11 வரையிலும், எதிர்த்து நின்ற மான்செஸ்டர் சிட்டியார் 12 முதல் 22 வரையிலும் அணிந்தனர். 1939இல் லீக் நிர்வாகம் எண்ணைக் கட்டாயமாக்கியது.

அந்நாளில் எண் ஆளைக் குறிக்கவில்லை. ஆள் நிற்கும் இடத்தைக் குறித்தது. 1 என்றால் கோல் கீப்பர். 2, 3 புல் பேக். 4, 5, 6 ஆப் பேக். 7 ரைட் அவுட், 8 ரைட் இன், 9 சென்டர் பார்வர்டு, 10 லெப்ட் இன், 11 லெப்ட் அவுட். ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாத துறைமுகத்து மூட்டைத் தொழிலாளியும் இந்தச் சொற்களை வாய்ப்பாடுபோல் ஒப்புவித்ததை நான் கேட்டிருக்கிறேன். இன்று வலப்பக்கம் ஆடி 7 அணிந்தவர் அடுத்த வாரம் இடப்பக்கம் மாறினால் 11 அணிவார். அவர் வராத நாளில் வேறொருவர் அணிவார். சுவாமி புறப்பாட்டில் ஸ்ரீபாதம் தாங்குவோர் மாறிக்கொண்டே இருந்தாலும், தண்டின்கீழ்த் தோள் கொடுக்கும் இடம் மாறாமல் இருப்பதைப் போன்றது அந்த ஏற்பாடு. அதில் ஓர் எண்ணுக்கு ஓய்வளிப்பதென்றால் அந்த இடத்தையே காலியாக விடுவதென்று பொருள்படும். பத்துப் பேரோடு ஆட வேண்டியதுதான்.

1954ஆம் ஆண்டின் உலகக் கோப்பையில், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் போட்டி முடியும் வரையில் ஒரே எண் என்ற விதி வந்தபோதுதான், எண்ணானது இடத்திலிருந்து கழன்று ஆளோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கிற்று. 1958இல் பதினேழு வயதுச் சிறுவன் பெலே 10 அணிந்து உலகை வென்ற பிறகு, அந்த எண் லெப்ட் இன் என்ற பழைய பொருளை இழந்து, ஆட்டத்தின் சூத்திரதாரி என்ற புதுப் பொருளைப் பெற்றது. 1974இல் ஹாலந்து அணியார் பெயரின் அகர வரிசைப்படி எண் பெற்றபோது, க்ரைப் மட்டும் அவ்வரிசைக்கு அடங்காமல் தமக்குப் பிரியமான 14ஐ வைத்துக்கொண்டார். 1982இல் அர்ஜென்டினாவும் அவ்வாறே அகர வரிசையைப் பின்பற்றியதால், நடுக்களத்தில் ஆடிய ஆர்டிலஸ் முதுகில் 1 இருந்தது; மரடோனாவுக்கு மாத்திரம் விதி தளர்ந்து 10 கிடைத்தது. இங்கிலாந்தின் பிரிமியர் லீக்கில் 1993இலிருந்து ஒரு பருவம் முழுவதற்கும் நிலையான எண்ணும், அதன்மேல் ஆட்டக்காரர் பெயரும் அச்சாயின. பெயரும் எண்ணும் சேர்ந்த சட்டை கடையில் விலைபோகும் சரக்காகவும் ஆயிற்று. இந்த மாறுதல் நேராதிருந்தால் எண்ணுக்கு ஓய்வளிக்கும் எண்ணமே கால்பந்தில் எழுந்திராது.

ஓய்வு என்னும் சம்பிரதாயம்

இச்சம்பிரதாயத்தின் மூலம் பனிக்கட்டி ஹாக்கியில் இருக்கிறது. கனடாவின் டொரான்டோ மேப்பிள் லீப்ஸ் அணியைச் சேர்ந்த ஏஸ் பெய்லி, 1933 டிசம்பரில் நடந்த ஓர் ஆட்டத்தில் தலையில் படுகாயமுற்று, உயிர் பிழைத்தும் மறுபடி ஆட இயலாதவரானார். 1934 பிப்ரவரியில் அவருக்கு உதவி நிதி திரட்ட நடந்த ஆட்டத்தை ஒட்டி, அவர் அணிந்த 6ஐ இனி யாருக்கும் தருவதில்லை என்று அணி அறிவித்தது. இந்த எண்ணின் கதை இத்தோடு முடியவில்லை; அதன் பிற்பகுதிக்குப் பின்னர் வருவேன்.

கால்பந்தில் இவ்வழக்கத்தைக் காரணம் நோக்கி இரு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, மேதைமைக்குச் செய்யும் மரியாதை. 1977 செப்டம்பரில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானோடு 2–2 என்று சமன் செய்துவிட்டுப் போன பெலே, அடுத்த வாரம் அக்டோபர் 1ஆம் தேதி அமெரிக்காவில் தம் கடைசி ஆட்டத்தை ஆடியபோது, நியூயார்க் காஸ்மாஸ் அணி அவருடைய 10க்கு ஓய்வளித்தது. மிலான் நகரத்து ஏ.சி. மிலான் 1997இல் பரேசியின் 6ஐயும், நேப்பிள்ஸின் நாப்போலி 2000இல் மரடோனாவின் 10ஐயும், ஆயாக்ஸ் 2007இல் க்ரைப்பின் 14ஐயும், வெஸ்ட் ஹாம் 2008இல் பாபி மூரின் 6ஐயும் இவ்வாறே மூடி வைத்தன. 2009இல் மால்டினி விலகியபோது அவருடைய 3க்கு ஏ.சி. மிலான் அளித்த ஓய்வு சுவையானது. அவருடைய பிள்ளைகளுள் ஒருவர் அவ்வணியின் முதல் தரத்துக்கு வந்தால் அணியலாம் என்று விலக்கும் வைத்தார்கள். மூடிய கதவில் வம்சத்துக்கு மட்டும் ஒரு திட்டிவாசல்!

இரண்டாவது வகை, மரணத்துக்குக் காட்டும் துக்கம். 2003 ஜூன் 26ஆம் தேதி லியோன் நகரில் கேமரூனுக்காக ஆடிக்கொண்டிருந்த மார்க்-விவியன் போ களத்திலேயே சாய்ந்து உயிர் நீத்தார். அவர் முன்பு ஆடிய லான்ஸ் 17ஐயும், அப்போது ஆடிவந்த மான்செஸ்டர் சிட்டி 23ஐயும் அவர் நினைவாக ஒதுக்கிவைத்தன. இங்கே ஓய்வு என்பது புகழ்மாலையாக அமையாமல், வீட்டில் ஒருவர் இறந்தபின் அவர் உட்கார்ந்த நாற்காலியைச் சில காலம் யாரும் தொடாதிருப்பதைப் போல அமைகிறது.

இவ்வழக்கத்துக்குச் சட்டமே தடையாய் நின்ற சந்தர்ப்பங்களும் உண்டு. 2002 உலகக் கோப்பைக்கு மரடோனாவின் 10ஐ விலக்கிப் பட்டியல் அனுப்பிய அர்ஜென்டினாவைப் பார்த்து, 1 முதல் 23 வரையில் விடுபடாமல் இருக்கவேண்டும் என்று பீபா கண்டிப்பாகச் சொல்லிவிட, ஆர்டெகா அந்தச் சட்டையை அணிந்தார். நாப்போலிக்கு நேர்ந்ததோ விசித்திரம். கடனில் மூழ்கி 2004இல் மூன்றாம் தரத்துக்குத் தள்ளப்பட்ட அவ்வணி, அங்கே 1 முதல் 11 வரையில் கட்டாயம் என்ற பழைய விதி நிலவியமையால், பூட்டிவைத்த 10ஐ மறுபடி எடுத்து அணிய நேர்ந்தது. செல்வம் உள்ளபோது ஓய்வு பெற்ற எண், வறுமை வந்ததும் வேலைக்குத் திரும்பிற்று என்று சொன்னால் அது கேலியாகாது.

ஸ்பெயினின் முதல் தர லீக்கில் முதன்மை அணியார் 1 முதல் 25 வரையில்தான் அணியவேண்டும். ஆகவே பார்சிலோனா விரும்பினாலும் 10ஐ மூடிவைக்க இயலாது. அதன் பலனை எண்ணிப் பார்க்கவேண்டும். ரொனால்டினோ போனபின் 2008இல் அந்த எண் மெஸ்ஸிக்கு வந்தது. ரொனால்டினோவின் மேல் கொண்ட பக்தியால் அன்று அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தால், பார்சிலோனாவின் 10 என்றதும் உலகம் இன்று யாரை நினைக்கிறதோ அவர் வேறோர் எண்ணைத் தேடிப் போயிருப்பார். 2025இல் அது லமீன் யமாலின் முதுகுக்குச் சென்றது. மான்செஸ்டர் யுனைடெட்டின் 7 பெஸ்ட், ராப்சன், கான்டனா, பெக்காம், ரொனால்டோ என்று கைமாறி வந்ததும் இத்தகைய பரம்பரையே. இவ்வாறு வாங்கியவர்களுள் சுமை தாங்காமல் தடுமாறினவர்களும் உண்டு. அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் சுமையே இல்லாத இடத்தில் தோளும் உரம் பெறுவதில்லை.

நம் நாட்டில்

சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணி, 1948இல் லண்டனில், பெரும்பாலும் வெறுங்காலோடு பிரான்ஸை எதிர்த்து ஆடி 1–2 என்று தோற்றது. நமக்குக் கிடைத்த அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக, இந்தியா ஒலிம்பிக்கில் இதுவரையில் அடித்த கடைசிக் கோலை அடித்தவர், தஞ்சைச் சீமையைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். இவ்விருவரும் எந்த எண்ணை அணிந்தார்கள் என்று கேட்டால் இன்றைய ரசிகருள் ஆயிரத்தில் ஒருவரும் சொல்லமாட்டார். அவர்களுடைய கீர்த்தி எண்ணின் துணையில்லாமலே நின்றது.

நம் நாட்டுக் கால்பந்தில் எண்ணுக்கு ஓய்வளித்த நிகழ்ச்சிகளுள் நெஞ்சை உருக்குவது 2004 டிசம்பர் 5ஆம் தேதியது. பெங்களூர் கண்டீரவ மைதானத்தில் பெடரேஷன் கோப்பையின் இறுதியாட்டம்; கோவாவின் டெம்போ அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக ஆடிய பிரேசில் நாட்டவர் கிறிஸ்டியானோ ஜூனியர், தம் இரண்டாவது கோலை அடித்த கணத்தில் மோதி விழுந்து, பிறகு எழவேயில்லை. டெம்போ கோப்பையை வென்றது; அவருடைய 10ஐ ஒதுக்கிவைத்தது. கடல் கடந்து பிழைக்க வந்து மைதானத்தில் மாண்ட ஒருவனுக்கு, அவனுடைய உற்றார் அருகில் இல்லாத ஊரில், ஒரு சட்டையை மடித்து வைப்பதைக் காட்டிலும் பொருத்தமான காரியம் வேறென்ன இருக்கமுடியும்?

உயிரோடிருப்பவர் விஷயத்திலோ இவ்வழக்கம் சூதாட்டம் போல் ஆகிவிடுகிறது. 2020இல் சந்தேஷ் ஜிங்கான் விலகியபோது கேரளா பிளாஸ்டர்ஸ் அணி அவருடைய 21க்கு ஓய்வளித்தது. ஈராண்டு கழியுமுன், எதிரணியில் ஆடிய அவர் ஆட்டம் முடிந்ததும் பேசிய பேச்சொன்று புண்படுத்திற்றென்று கூறி, அதே ரசிகர்கள் அந்த எண்ணைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் குரல் எழுப்பினர். 2024 ஜூன் 6ஆம் தேதி கல்கத்தாவில் குவைத்தோடு ஆடிக் கண்ணீரோடு விடைபெற்ற சுனில் சேத்ரி, 2025 மார்ச்சில் தேசிய அணிக்கே திரும்பி வந்துவிட்டார். மனிதரே ஓய்விலிருந்து மீளும்போது எண் மட்டும் எத்தனை காலம் சமாதியில் இருக்கும்?

கிரிக்கெட்டில் 2017இல் ஷர்துல் தாக்குர் 10 அணிந்தபோது, அது டெண்டுல்கருக்குரியது என்று எழுந்த ஆட்சேபத்துக்குப் பின் அந்த எண் புழக்கத்திலிருந்து மறைந்தது. 2023இல் தோனியின் 7க்கும் அவ்வாறே ஓய்வு வந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக எனக்கு உவப்பானது ஹாக்கி இந்தியா 2024 ஆகஸ்டில் செய்த ஏற்பாடு. கோல் காத்த ஸ்ரீஜேஷின் 16ஐ மூத்தோர் அணியில் ஒதுக்கிவிட்டு, அவர் பயிற்சி அளிக்கப்போகும் இளையோர் அணியில் மட்டும் அதை வழக்கில் வைத்தார்கள். குருவின் எண்ணைச் சிஷ்யன் அணிந்து பழகலாம் என்பது அதன் தாத்பரியம்.

வடசென்னையின் வழக்கம்

வடசென்னையில் கால்பந்து வளர்ந்தது பொழுதுபோக்காக மட்டுமன்று. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரத்தில் திறந்த நாளிலிருந்து, துறைமுகமும், பெரம்பூர்ப் பஞ்சாலைகளும், 1946இல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் பலூன் செய்யத் தொடங்கிப் பிறகு டயர் உலகை ஆண்ட எம்.ஆர்.எப்.பும், எண்ணூரில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸும் என்று தொழில் மேல் தொழில் வந்து குவிந்த பூமி இது. ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் எஞ்சும் ஒரு மணி வெளிச்சத்தில், ஒரே ஒரு பந்தைக்கொண்டு இருபத்திரண்டு பேர் ஆடக்கூடிய விளையாட்டு வேறு எது? துறைமுகம், ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எப்., சுங்க இலாகா, வங்கிகள் ஆகியவற்றின் அணிகள் சென்னை லீக்கில் ஆடின. நன்றாக ஆடுகிறவனுக்கு ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’வில் நிரந்தர வேலை கிடைத்தது. ஆகவே இங்கே முதுகில் ஏறிய எண்ணுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிந்தது.

எண்ணுக்கு ஓய்வளிக்கும் வழக்கம் இந்த மண்ணில் ஏன் தோன்றவில்லை என்பதற்கு விடை இதிலேயே இருக்கிறது. ஓர் அணியிடம் இருந்த சட்டைகள் பதினைந்து அல்லது பதினாறு. அவை ஆட்டக்காரருடையவையல்ல, அணியுடையவை. ஒரு தகரப் பெட்டியில் துவைத்து மடித்து வைத்திருப்பார்கள். ஆட்டத்துக்கு முன் எடுத்து வீசுவார்கள். அதில் ஒன்றைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினால் ஒருவன் சட்டையில்லாமல் நிற்பான். ஒருவர் விலகுவதென்பதும் இங்கே வேலைக்கு ஓர் இடம் காலியாவதுதான். அந்த இடத்துக்கு எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

காலம் மாறிற்று. ஆலைகள் பல மூடின. அலுவலக அணிகள் மெலிந்தன. ஆயினும் பந்து நிற்கவில்லை. வியாசர்பாடியை இன்று ‘குட்டி பிரேசில்’ என்று அழைக்கிறார்கள். அங்கே முல்லை நகர் மைதானத்தில், குடிசைப்பகுதிக் குழந்தைகளைப் பந்தின் வழியாகப் பள்ளிக்கு இழுக்கும் பணியை உள்ளூர்க்காரர்களே தொடங்கி நடத்தி வருகிறார்கள். அந்த வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த தனபால் கணேஷ், 2018 மார்ச் 13ஆம் தேதி சென்னை நேரு மைதானத்தில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் சென்னையின் எப்.சி.க்காகத் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார்; நான்கு நாள் கழித்து அவ்வணி ஐ.எஸ்.எல். கோப்பையை இரண்டாம் முறையாக வென்றது.

அந்த நேரு மைதானத்துக்கு அருகில் பெரியமேட்டு விளையாட்டுச் சாமான் கடைகளில், சனிக்கிழமைதோறும் ஒரு காட்சியைக் காணலாம். தெரு அணிப் பையன்கள் காசு சேர்த்து ஜெர்சிக்கு ஆர்டர் கொடுக்க வருவார்கள், நிறத்தில் அரை நிமிஷத்தில் ஒத்துப்போய்விடுவார்கள், எண்ணில்தான் வழக்கு. பத்துக்கு நான்கு பேர், ஏழுக்கு மூன்று பேர். கடைக்காரர் பொறுமையிழந்து, “யாருக்குப்பா பத்து? சீக்கிரம் சொல்லு!” என்பார். போன வருஷம் அதை அணிந்தவன் வேலைக்குப் போய்விட்டான் என்பதும், அவனே இன்னாருக்குக் கொடு என்று சொல்லிப் போயிருக்கிறான் என்பதும் அந்த வழக்கின் நடுவே வெளிவரும். அச்சொல்லுக்கு மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டேனும் கட்டுப்படுகிறார்கள். இது ஒரு சாசனமில்லாத பட்டாபிஷேகம்.

முடிவாகச் சில சொற்கள்

மேலே கண்டவற்றைத் தொகுத்தால் என் அபிப்பிராயம் இது. களத்தில் உயிர் நீத்தவனுடைய எண்ணை மடித்துவைப்பது துக்கத்தின் இயல்பு. அதில் தர்க்கத்துக்கு இடமில்லை. மேதைமையைக் கௌரவிக்க எண்ணை மூடுவதோ, சட்டைகள் நிறைந்த செல்வ ஸ்தாபனத்துக்கு எளிது. ஆனால் மூடிய எண் அந்த மனிதரோடு நின்றுவிடுகிறது, கைமாறும் எண் அவரைத் தெரியாத தலைமுறைக்கும் அவருடைய கதையைக் கேட்கவைக்கிறது. அணிகள் செய்யவேண்டியதெல்லாம், சட்டையின் உட்புறத்திலோ, கிளப்பின் பலகையிலோ, அந்த எண்ணை முன்னர் அணிந்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதிவைப்பது ஒன்றுதான்.

இதற்குச் சாட்சியாக, உலகில் முதன்முதல் ஓய்வு பெற்ற எண்ணையே அழைக்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் யாரும் தீண்டாதிருந்த அந்த 6ஐ, 1968இல் ஏஸ் பெய்லியே முன்வந்து, ரான் எல்லிஸ் என்ற இளைஞருக்குக் கொடுக்கச் சொன்னார். எல்லிஸின் ஆட்டம் தமக்குப் பிடித்திருந்தது என்பதே அவருக்குப் போதுமான காரணமாயிருந்தது.

எங்கள் பதினொன்றுக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. முழங்கால் போய்விட்டதென்று அவர் நின்றுவிட்டபின் நடந்த முதல் ஆட்டத்தில், பெட்டியிலிருந்து அந்தச் சிவப்புச் சட்டையை எடுத்து, மீசை அரும்பாத பையன் ஒருவனிடம் வீசினார்கள். அவன் அணிந்துகொண்டு கோட்டருகே வந்தபோது கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. எனக்கும் அவன்மேல் காரணமற்ற கோபம் வந்தது. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்ற எங்கள் பழைய பதினொன்று, “டேய், இங்க வாடா” என்று அவனைக் கூப்பிட்டார். நாங்களெல்லாம் ஏதோ உபதேசம் நடக்கப்போகிறதென்று காதைத் தீட்டிக்கொண்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, தம் அரைஞாணில் கோத்திருந்த ஊக்கை எடுத்து, இத்தனை காலம் தம் முதுகில் படபடத்துக்கொண்டிருந்த அந்தக் கோட்டின் கீழ்முனையைச் சட்டையோடு சேர்த்துக் குத்திவிட்டு, “இப்ப ஓடு” என்றார்.